நேர்ல போய்ப் பாத்தது யாரு?

அவருக்கு இந்தியில் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான். "கிஸ்னே தேக்கா?" யார் பார்த்தது என்று அர்த்தம். மற்றவர்கள் தண்ணீர், சாப்பாடு, லீவு என்று பத்துப் பதினைந்து சொல்லாவது கற்றுக்கொண்டுதான் துபாய் சைட்டில் கால் வைப்பார்கள். இவர் இதை மட்டும் கற்றுக்கொண்டு இதை வைத்தே ஐந்து வருடம் ஓட்டினார். அதனால் எங்கள் கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஞ்சாபி ஃபோர்மேன் முதல் பஸ் டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் 'கிஸ்னே தேக்கா'தான். நானும் இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் அங்கே எந்த கவர்மென்ட் ஆபீசைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். அந்த ஆபீசைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் வேலை சாரம் கட்டுவது. ஊர், தமிழ்நாட்டின் வடக்கே ஒரு மலைமேல். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற பழங்குடி ஜனம். ஆள் ஒல்லி, ஓரிடத்தில் நிற்கமாட்டார். என் மேஜைக்கு எதிரே நாற்காலி கிடந்தாலும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். "உக்காருப்பா, எனக்குத் தலை சுத்துது" என்றால், "நீங்க பேப்பரப் பாருங்க சார், என்ன எதுக்குப் பாக்குறீங்க" என்பார்.

கட்டி முடித்த சாரத்தைச் சேஃப்டி ஆள் பார்த்துவிட்டுப் பச்சை அட்டை மாட்டுவார். அட்டை பச்சை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்பது சட்டம். இவர் ஏறமாட்டார். அட்டையைத் தொட்டு, "கிஸ்னே தேக்கா?" என்று கேட்டுவிட்டு, குழாய்களைப் பிணைக்கிற கீழ்வரிசை கிளாம்ப் ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் கால் வைப்பார். ஃபோர்மேன் "யல்லா, யல்லா" என்று, சீக்கிரம் ஏறச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவான். ஒருநாள் பச்சை அட்டைக்கு நேர் கீழே இருந்த கிளாம்ப் கையோடு கழன்று வந்துவிட்டது. அன்றிலிருந்து கத்துவது நின்றது. கேலி மட்டும் நிற்கவில்லை.

தேரா கடைத்தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனேன். எனக்கு மசாலா வாங்க வேண்டியிருந்தது, அவருக்கு மகளுக்கு ஸ்கூல் பை. கீழக்கரைக்காரர் ஒருவரின் கடை. சிவப்பில் ஒரு பையை எடுத்துப் போட்டு, "மழையில ஒரு சொட்டு உள்ள போகாது தம்பி, நான் கேரண்டி" என்றார் கடைக்காரர்.

"நீங்க மழையில பாத்தீங்களா பாய்?"

"துபாய்ல மழைக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப ஒரு பாட்டில் தண்ணி குடுங்க."

கடை வாசலில் வைத்துப் பைமேல் பாட்டில் தண்ணீர் முழுவதையும் கவிழ்த்தார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். எனக்கு மானம் போயிற்று. கடைக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "இவரு கஸ்டமர் இல்ல சார், இன்ஸ்பெக்டர்" என்றார். மகளுக்கு அப்போது ஏழு வயது. அம்மா இல்லாத பிள்ளை. இவர் இங்கே வருவதற்கு முந்திய வருடமே காய்ச்சலில் அவள் அம்மா போய்விட்டாள். பிள்ளையை வளர்த்தது இவருடைய அக்கா.

நான் அந்தக் கம்பெனியில் அட்மின். ஆபீஸ் அல் குசைஸில், ஆட்கள் தங்குகிற லேபர் கேம்ப் அங்கிருந்து பத்து நிமிட நடை. மாதம் ஒரு முறை கேம்ப் அறைகளைச் சோதித்து ஒரு ஷீட் நிரப்ப வேண்டும். கதவு, விளக்கு, ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன், குடிதண்ணீர் என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். நான் அதை டீ குடித்துக்கொண்டே ஆபீசில் உட்கார்ந்து நிரப்புவேன். எல்லாக் கட்டத்திலும் டிக். ஒருநாள் ஏதோ பேப்பருக்காக வந்தவர் என் பேனா போகும் வேகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார் இது?"

"கேம்ப் இன்ஸ்பெக்‌ஷன்."

"யாரு நேர்ல போய்ப் பாத்தது?"

"எல்லாம் பாத்தாச்சு. நீ வந்த வேலையச் சொல்லு."

அவர் ஷீட்டை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுத் தன் பேப்பரைக் கேட்டார்.

அக்காவிடமிருந்து பிள்ளை விஷயமாக போன் வந்த நாளில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி சைட்டிலிருந்து நேராக என்னிடம் வந்தார். ஜன்னல், கதவு, ஜன்னல், கதவு. பாதி நடையில்தான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளையைக் கீழே டவுனில் இருந்து வந்த குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசர் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய்க் குழந்தைகள் ஹோமில் சேர்த்துவிட்டார். 'கைவிடப்பட்ட நிலையில்' என்று எழுதியிருக்கிறார்.

நடந்தது இதுதான். சாமைக் கதிர் முற்றுகிற மாதங்களில் அந்த ஊரில் பெரியவர்கள் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்களாம். கிளியும் பன்றியும் கதிரை விடாது. ஆணும் பெண்ணுமாகச் சரிவில் ஆளுக்கொரு குடிசை போட்டுக் காவல் இருப்பார்கள். பிள்ளைகளுக்காக முறை வைத்து ஒரு பெண் மட்டும் ஊரில் தங்குவாள். அவள் வீட்டு அடுப்பு எரியும், அத்தனை பிள்ளைகளுக்கும் அங்கேதான் சோறு. இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. ஆபீசர் போனது காலை பதினோரு மணிக்கு. அன்றைய முறைக்காரி சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வீடெல்லாம் சாத்தியிருந்தது. அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலை சீவாமல், ஊரார் வீட்டுத் தட்டில் ஒரு பெண் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எங்கே? இல்லை. அப்பா? துபாய். அவ்வளவு போதுமாக இருந்தது அவருக்கு. சாயங்காலம் காட்டிலிருந்து இறங்கி வந்த அக்கா, மறுநாள் இரண்டு பஸ் மாறி அந்த ஆபீசுக்குப் போனாள். நீ சட்டப்படி யார், அதற்குப் பேப்பர் எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆபீசர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"நான் ஊருக்குப் போறேன் சார்" என்றார்.

"போனா வேலை போயிடும். வேலை இல்லாத அப்பன்கிட்ட எவன் பிள்ளையக் குடுப்பான்? நீ இங்கயே இரு. நான் ஒரு மனு எழுதுறேன், பாரு."

எனக்கு மனு எழுதுவதில் ஒரு கர்வம் உண்டு. அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். மனு என்றால் எப்படி அழ வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. இரண்டு பக்கம் எழுதினேன். 'ஏழ்மையில் உழலும் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவனும், கல்வியறிவு அற்றவனும், குடியிருக்க நல்ல வீடுகூட இல்லாதவனும், ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியற்ற குடும்பத்தைப் பிரிந்து அயல்நாட்டில் கூலிவேலை செய்பவனுமாகிய அடியேன்...' என்று ஆரம்பம். ஒவ்வொரு 'னும்'முக்கும் குரலைத் தழைத்துப் படித்துக் காட்டினேன்.

அவர் நடப்பதை நிறுத்தினார். "என் வீட்ட நீங்க பாத்தீங்களா சார்?"

"அதுக்கென்ன இப்ப?"

"நல்ல வீடு சார். போன வருசம்தான் ஓடு மாத்துனேன். கஞ்சிக்கு வழியில்லன்னும் எழுதியிருக்கீங்க. மூணு குதிரு சாமை இருக்குது."

"அப்படி எழுதினாத்தான்யா அவங்க மனசு இறங்கும். கவர்மென்டுக்கு எப்படி எழுதணும்னு உனக்குத் தெரியாது. சைன் பண்ணு."

பேனாவை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கேட்ட கேள்வியை அவர் அப்படிப் பாதியில் விட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படித்தவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஞாயிறுதோறும் மாலை ஹோம் வார்டனின் போனில் ஐந்து நிமிடம் பேச விடுவார்கள். கேம்ப் காம்பவுண்டு ஓரமாக நடந்துகொண்டே பேசுவாராம். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "அடிக்கிறாங்களா?" "இல்ல." ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மீந்துவிடும் என்று திங்கட்கிழமை வந்து சொல்வார். ஊரில் இருந்தபோது போனை வைக்கவே விடமாட்டாளாம், ஆட்டுக்குட்டி கத்துவதைக்கூடக் கேட்க வைப்பாளாம்.

நான் இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நல்லதுதானேங்க, ஸ்கூல், சாப்பாடு எல்லாம் கிடைக்குது. மலையில என்ன இருக்கு?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் அதையே கொஞ்சம் மெருகேற்றி அவரிடம் சொன்னேன். அவர் என் மேஜைமேல் இருந்த என் மகளின் போட்டோவைப் பார்த்தார். "உங்க பாப்பாவ எவனாவது ஜீப்ல கூட்டிட்டுப் போய் நல்ல ஸ்கூல்ல சேத்துட்டா விட்ருவீங்களா சார்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டவர் போலத்தான் கேட்டார். நான் போனை எடுத்து யாருக்கோ பேசுகிற மாதிரி நடித்தேன்.

மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. டவுனில் குழந்தைகள் விஷயத்தை விசாரிக்கிற குழு போட்ட உத்தரவு. அக்கா யாரையோ பிடித்துப் போட்டோ எடுத்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தாள். 'தந்தையே தமது மனுவில் ஒப்புக்கொண்டுள்ளபடி குடும்பம் கடும் வறுமையில் உள்ளது. குடியிருக்கத் தகுந்த வீடு இல்லை. உணவுக்கும் வழியில்லை. எனவே குழந்தை இல்லத்திலேயே தொடர்வது அதன் நலனுக்கு உகந்தது.'

என் வாக்கியங்கள். வரிக்கு வரி என் வாக்கியங்கள். நான் அழுத அழுகையையே எடுத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அதை போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டூட்டி முடிந்து ஆட்களின் பஸ் வந்ததும் கேம்புக்கு நடந்தேன். கம்பெனியில் சேர்ந்து ஆறு வருடத்தில், வெளியாட்கள் பார்வையிட வரும் நாட்களில் கேட் வரை போயிருக்கிறேன். அறைக்குள் போனது அன்றுதான்.

எட்டுக் கட்டில். ஈரச் சட்டைகள். வெங்காயம் வதங்குகிற புகை வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. அவருடைய மேல்கட்டிலில் தலைமாட்டில், திரும்பவும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்த சிவப்புப் பை. உத்தரவைப் படித்துக் காட்டினேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் உதவவில்லை. அப்படியே படித்தேன். புகையில் கண் எரிந்தது.

அந்தச் சின்ன இடத்திலும் அவர் மூன்றடி நடந்து திரும்பினார். "நீங்களும் பாக்கல, அவங்களும் பாக்கல. ஆனா ரெண்டு பேரு எழுதுனதும் ஒத்துப்போச்சு பாத்தீங்களா" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் ஓடல?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

எக்ஸாஸ்ட் ஃபேன் என்பது மட்டும் புரிந்து கீழ்க்கட்டிலில் இருந்த நேபாளத்துக்காரர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. "நான் வந்த நாள்லேந்தே ஓடல சார். நீங்கதான் மாசாமாசம் ஓடுதுன்னு எழுதுறீங்க."

அன்று அங்கிருந்து நான் எப்படி ஆபீஸ் திரும்பினேன் என்று நினைவில்லை. ஃபேன் மறுநாளே மாற்றப்பட்டது. அதற்கு எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்த மனுவை அவர் சொல்ல நான் எழுதினேன். அப்போதும் நடந்துகொண்டேதான் சொன்னார். "என் வீட்ட வந்து பாருங்க. சாமைக் காவல் மாசத்துல வாங்க. காலைல வந்துட்டு உடனே போகாதீங்க, அடுப்பு எரியுற வரைக்கும் இருங்க. எந்தப் பிள்ளை எங்க சாப்புடுதுன்னு முறைக்காரியக் கேளுங்க. எங்க ஊர்க் கூட்டத்தக் கேக்காம எங்க பிள்ளையத் தூக்காதீங்க. பாத்துட்டு அப்புறம் என்ன வேணா எழுதுங்க." அவ்வளவுதான் மனு. 'பணிவுடன்' என்று ஒரு சொல்லாவது சேர்க்க என் கை அரித்தது. "வேணாம் சார்" என்றார். சேர்க்கவில்லை.

அது மாதக்கணக்கில் ஏதோ ஒரு கோப்பில் தூங்கியது. நான் வாரம் ஒரு முறை அந்த ஆபீசுக்கு போன் போட்டேன். 'பரிசீலனையில் இருக்கு' என்றார்கள். அதைச் சொன்னால், "யாரு பரிசீலிக்கிறாங்க? ஆளு பேரு இன்னா?" என்பார். எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் பேரைக் கேட்டு வாங்கினேன். பேர் கேட்க ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கம் போனை எடுக்கிறவரின் குரல் கொஞ்சம் மாறியது. இப்படியே ஒரு கோடை போயிற்று. சைட்டில் மதிய வெயிலுக்கு வேலை நிறுத்துகிற நேரத்தில்கூட அவர் நிழலில் படுக்காமல் சாரத்துக்குச் சாரம் போய் கிளாம்ப்பை ஆட்டிக்கொண்டிருந்ததாக ஃபோர்மேன் வந்து என்னிடம் சொன்னான். "இஸ்கா திமாக் கராப் ஹோ ஜாயேகா" என்று கவலைப்பட்டான். மூளை கெட்டுப்போகும் என்றான்.

பழைய ஆபீசர் மாறுதலாகி ஒரு இளம்பெண் அந்த இடத்துக்கு வந்தார். மழையில் ஜீப் ஏறாமல், கடைசி இரண்டு மணி நேரம் நடந்தே மலையேறினாராம். சாமைக் காவல் மாதம். சரிவில் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறைமேல் நின்றுகொண்டு நம் ஆளுக்கு வீடியோ கால் போட்டார். மதிய இடைவேளை. அவர் சைட்டிலிருந்து அதில் என் நம்பரையும் சேர்த்துவிட்டார். ஒரு படித்தவன் கூட இருக்கட்டும் என்றா, இல்லை நானும் பார்க்கட்டும் என்றா, தெரியாது.

"அண்ணா, இதான உங்க வீடு?" என்றார் அந்தப் பெண். படம் உறைந்து உறைந்து வந்தது. சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"ஓட்டப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன்ணா. புது ஓடு."

"குதிரு?"

"திறந்தே பாத்தேன். நான் இன்னிக்கு இங்கதான் தங்கப்போறேன். உங்க அக்கா அடுப்பு பத்த வைக்கப் போறாங்க, அவங்க முறையாம்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். ஹெல்மெட் மட்டும்தான் திரையில் தெரிந்தது.

அந்தப் பெண் பார்த்ததை எழுதினார். பிள்ளை அத்தை வீட்டில் வளரலாம், மாதம் ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்போம் என்று குழு உத்தரவு போட்டது. ஊர்க் கூட்டத்தைக் கேட்காமல் அந்த மலையில் எந்தப் பிள்ளையையும் அழைத்துப்போகக் கூடாது, காவல் மாதங்களில் பூட்டிய வீட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றும் அந்தப் பெண் எழுதியிருந்தார். அதை இரண்டு ஊர்களில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று மேலிடத்தில் சொன்னார்களாம். மற்ற ஊர்களுக்கு என்ன என்று இவர் கேட்டார். நானும் கேட்டேன். பரிசீலனை என்றார்கள்.

ஹோமுக்குப் போன பதினோராம் மாதம் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். நான் ஆபீசில் லட்டு வாங்கி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, வேறு ஏதோ கையெழுத்துக்கு வந்தவருக்கு என் மேஜை முன்னால் வைத்து அக்காவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லா இருக்கியாம்மா?"

ஆட்டுக்குட்டி கத்தும் சத்தம் மட்டும் வந்தது.

"அத்த வீட்டுக்கு வந்துட்ட இல்ல? இப்ப நல்லா இருக்க இல்ல?"

"அங்க இருந்தப்பவும் நல்லா இருக்கேன்னுதான சொன்னேன்" என்றாள். குரல் ரொம்பத் தெளிவாக இருந்தது. "வார்டன் பக்கத்துல நிப்பாங்க. நான் சொல்றத வெச்சு உனக்கு எப்படித் தெரியும்? நீ நேர்ல வந்து பாரு."

அவர் நடப்பதை நிறுத்தினார். போனைச் சட்டைப் பையில் போட்டார். "என் பொண்ணு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அதில் பெருமையும் இருந்தது, முகம் பார்க்க முடியாதபடி வேறொன்றும் இருந்தது. பிறகு, "விசா கேன்சல் பேப்பர் குடுங்க சார். கலாஸ், இத்தோட முடிஞ்சுது" என்றார். நான் தடுக்கவில்லை. முதல் தடவை தடுத்து என்ன கிழித்தேன் என்று எனக்குத் தெரியும். அந்த வாரக் கடைசியில் சிவப்புப் பையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. பொங்கலுக்கு மட்டும் போன் வரும். "பாப்பா எப்படி இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "வந்து பாருங்க சார்." வருடா வருடம் லீவில் சென்னைக்குப் போகிறேன். அங்கிருந்து ஒரு பகல் பயணம்கூட இல்லை. கல்யாணம், பல் வைத்தியம், மாமனார் வீடு என்று ஏதாவது வந்து லீவு முடிந்துவிடுகிறது.

சாமைக் கதிர், காவல் குடிசை, முறைக்காரி அடுப்பு, புது ஓடு என்று இவ்வளவும் எழுதிவிட்டேன். அந்த மலையை நான் இன்னும் பார்க்கவில்லை.